சளி மருந்து வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் வெளிநாட்டில் என் முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் அங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வீட்டில் எல்லோருக்கும் சளி, கொண்டுவந்த மாத்திரை அட்டைகள் எல்லாம் காலி. மருந்துக்கடைக்குப் போனால் கீழிருந்து மேல்வரை சளி மருந்துப் பெட்டிகள், எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறீர்கள். மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்டதற்கு அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள், ஏதோ தப்பு செய்தவள் மாதிரி ஆகிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். நான்கு வயது மகள், பிரஷருக்கு மாத்திரை எடுக்கும் மாமியார், போதாக்குறைக்கு உங்கள் வீட்டுக்காரர் வேலை நாடு நாடாகப் போகிற வேலை. நானும் 19 வருடத்தில் நான்கு நாடுகளில் இருந்துவிட்டேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், பெட்டியின் முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் பெயரை நம்பி எதையும் எடுக்காதீர்கள். அது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பின்பக்கம் சின்ன எழுத்தில், எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கோடு இருக்கும், நீங்கள் வாங்குவது அதைத்தான். பெனட்ரில் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது இருமல் சிரப். அமெரிக்காவில் அதே பெயரில் வருவது டைஃபென்ஹைட்ரமின், தூக்கம் சொக்க வைக்கும் அலர்ஜி மாத்திரை. பிரிட்டனில் அந்தப் பெயரில் அக்ரிவாஸ்டினோ செட்டிரிசினோ இருக்கும், அதுவும் அலர்ஜிக்குத்தான், ஆனால் வேறு மருந்து. பழகிய பெயராயிற்றே என்று எடுத்தால் இருமலுக்குப் பதில் அலர்ஜிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

மருந்தின் பெயர் அப்படி மாறாது. உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்தே ஒவ்வொரு மருந்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு பெயர் கொடுத்து வருகிறது, வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் இபுப்ரோஃபென் என்றால் கிட்டத்தட்ட எந்த மொழிப் பெட்டியிலும் அதே சாயலில்தான் இருக்கும். இதில் பெரிய விதிவிலக்கு நமக்கு அதிகம் தேவைப்படுகிற பாராசிட்டமால்தான். அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற இடங்களில் அதற்குப் பெயர் அசெட்டமினோஃபென். குரோசின், டோலோ, பனடோல், அமெரிக்காவின் டைலினால், பிரான்ஸின் டோலிப்ரான், இத்தாலியின் டாக்கிபிரினா எல்லாமே இந்த ஒரே மருந்துதான். இது ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

நான் இதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது நடக்கக் கூடாது. முதல் வருடம் எனக்குக் கடுமையான காய்ச்சல். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சளிப் பொடி ஒன்று வாங்கினேன், நாளைக்கு நான்கு பொட்டலம். உடம்பு வலி குறையவில்லை என்று, கையில் இருந்த பாராசிட்டமால் 500 மாத்திரையை இரண்டிரண்டாக மூன்று வேளை போட்டேன். அது பொடி, இது மாத்திரை, இரண்டும் வேறு வேறு என்றே நினைத்திருந்தேன். அந்தப் பொடியில் ஒரு பொட்டலத்துக்கு 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது. கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 7 கிராம். பெரியவர்களுக்கு உச்சவரம்பே 4 கிராம்தான், எடை குறைவாக இருந்தால் அதைவிடவும் கம்மி, சில பெட்டிகளில் 3 கிராம் என்றே போட்டிருப்பார்கள். இரண்டாம் நாள் வாந்தி நிற்கவே இல்லை. மருத்துவமனையில் என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்தார்கள், அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். தப்பித்தேன். ஆனால் இந்த மருந்தில் ஆபத்தே அதுதான், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, கல்லீரல் கெட்ட பிறகுதான் உடம்பு காட்டும். அதனால் அளவு மீறியது தெரிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே போய்விடுங்கள்.

பாராசிட்டமாலை வாங்குவதில் ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பிரிட்டனில் 1998லிருந்து சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைதான், மருந்துக்கடையில் 32. ஆஸ்திரேலியாவிலும் 2025 பிப்ரவரியிலிருந்து சூப்பர்மார்க்கெட்டில் 16 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் மருந்துக்கடைக்கு வெளியே கிடைக்கவே கிடைக்காது, ஒரு பெட்டியில் மொத்தம் 10 கிராமுக்கு மேல் இருந்தால் மருத்துவர் சீட்டு வேண்டும். பிரான்ஸிலும் மருந்துக்கடையில் மட்டும்தான், 2020லிருந்து அலமாரியில் கை நீட்டி எடுக்கவும் முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் காய்ச்சல் வந்தால் அந்தப் பகுதியில் முறை வைத்துத் திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடிப் போக வேண்டியிருக்கும், அதனால் வெள்ளி சனியிலேயே ஒரு பெட்டி வீட்டில் இருக்கட்டும்.

சரி, எதை வாங்குவது? எல்லாத் தொந்தரவுக்கும் ஒரே மாத்திரை என்று வரும் கூட்டு மருந்துகளைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. காய்ச்சலும் வலியும் மட்டும் இருந்தால் பாராசிட்டமால் மட்டும் வாங்குங்கள். மூக்கு ஒழுகித் தும்மல் என்றால் செட்டிரிசின், லொரட்டடின் என்று கொடுப்பார்கள், அவை அலர்ஜிக்குத்தான் கேட்கும், சளிக்குப் பெரிதாகக் கேட்காது. வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று கொடுப்பார்கள், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கேட்காமல் தொடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து உண்டு. கூட்டு மருந்துதான் வாங்குவேன் என்றால் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் டி என்று முடிந்தால் மூக்கடைப்பு மருந்து சேர்ந்தது, டிஎம் என்றால் இருமல் மருந்து, பிஎம் என்றால் தூக்கம் வரவைக்கும் மருந்து. இரவு மருந்தைப் பகலில் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

அடையாள அட்டை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நீங்கள் கேட்டதில் சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்திருக்கும். அதை வைத்து மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுகிறார்கள், அதனால் பல நாடுகள் கணக்கு வைக்கின்றன. அமெரிக்காவில் 2006லிருந்து கவுண்டருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும், அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், நாளுக்கு 3.6 கிராமுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் அட்டை கேட்பார்கள். பிரான்ஸில் 2024 டிசம்பரிலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடையாது. எல்லோரையும்தான் கேட்கிறார்கள், கூச்சமே படாமல் அட்டையை நீட்டுங்கள்.

அப்படியானால் அட்டை கேட்காமல் வெளியே வைத்திருக்கும் மூக்கடைப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் பெரும்பாலும் ஃபீனைல்எஃப்ரின் இருக்கும். வாய்வழியாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்புக்குக் கேட்பதில்லை என்று 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது, 2024 நவம்பரில் அதைச் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கும் யோசனையை எஃப்டிஏவே முன்வைத்தது. நம் ஊர்ச் சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது உண்டு. காசு கொடுத்து அதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மாமியாருக்கு இந்த இரண்டுமே வேண்டாம். மூக்கின் ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து உடம்பு முழுக்க அதைத்தான் செய்யும், பிரஷர் ஏறும். இபுப்ரோஃபெனும் அவருக்குச் சரிவராது, பிரஷர் மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமாலில் ஒரு மாத்திரைக்கு 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. விழுங்கச் சுலபம் என்று அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சாதாரண மாத்திரையே போதும். மூக்கடைப்புக்கு வெறும் உப்புநீர் ஸ்பிரே. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று போட்ட ஸ்பிரே மற்றவர்களுக்கு நன்றாகவே கேட்கும், ஆனால் மூன்று நாளோடு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் அந்த ஸ்பிரேயே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும்.

குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நான்கு வயதுக்குச் சளி, இருமல் சிரப்பே வேண்டாம் என்பேன். அமெரிக்கப் பாட்டில்களில் நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்காதே என்றிருக்கும், பிரிட்டனில் அதே மருந்துகளை ஆறு வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம், ஆனால் அடர்த்தி நாட்டுக்கு நாடு வேறு. 5 மில்லியில் பிரிட்டனின் சின்னக் குழந்தை சிரப்பில் 120 மில்லிகிராம், அமெரிக்காவில் 160, இந்தியாவில் 120ம் உண்டு 250ம் உண்டு. ஒரு வேளைக்கு 5 மில்லி என்று பழைய நினைப்பில் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடலாம். புதுப் பாட்டில் வாங்கினால் புதிதாகக் கணக்குப் பாருங்கள், குழந்தையின் எடையைச் சொல்லி மருந்துக்கடையிலேயே எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள், பாட்டிலோடு வரும் சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும், வீட்டுக் கரண்டியில் வேண்டாம். ஆஸ்பிரினைக் கண்ணில் காட்டாதீர்கள். ஃப்ளூ நேரத்தில் பிள்ளைகளுக்கு அது ரே சிண்ட்ரோம் என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோயைக் கொண்டுவரலாம். சளிப் பொடிகளுக்குள் ஆஸ்பிரின் ஒளிந்திருப்பதும் உண்டு, அதனால்தான் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பயணத்துக்கு இங்கே வாங்கியதை எடுத்துப் போகலாமா என்று கேட்டீர்கள். பாராசிட்டமால் போகலாம், பெட்டியைப் பிரிக்காமல். மற்றதைப் போகிற நாட்டுச் சட்டம் பார்த்துத்தான். ஜப்பானுக்கு 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎஃபெட்ரின் இருக்கும் மருந்தைக் கொண்டுபோகக் கூடாது, அமெரிக்காவில் விற்கும், லெவ்மெட்டாம்ஃபெட்டமைன் சேர்ந்த மூக்கு இன்ஹேலரும் கூடாது. அபின் வகை மருந்தான கோடீன் சேர்ந்த இருமல் சிரப் எங்கேயுமே தலைவலிதான். அமீரகத்துக்கு முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் பெரிய வம்பில் மாட்டுவீர்கள், ஆஸ்திரேலியாவில் 2018லிருந்து சீட்டு இல்லாமல் வாங்கவே முடியாது. மாமியாரின் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டின் நகல், மருந்தின் பொதுப்பெயரோடு, கைப்பையிலேயே இருக்கட்டும்.

பிரேசில் பக்கம் போனால் காய்ச்சலுக்கு டிபிரோனா என்று எடுத்துத் தருவார்கள், அது மெட்டமிசோல். அமெரிக்காவில் 1977லேயே தடை செய்த மருந்து, அபூர்வமாக ரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். பாராசிட்டமால்தான் வேண்டும் என்று எழுதிக் காட்டுங்கள். மொழி தெரியாத இடத்தில் நான் செய்வது இதுதான், மருந்துப் பெயரும் மில்லிகிராமும் ஒரு தாளில், கீழே வயது, வேறு என்ன மாத்திரை எடுக்கிறோம் என்பது. மருந்தாளுநர்கள் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்டீர்கள், சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள், கொடுக்காததும் சரிதான். சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஃப்ளூ என்று சந்தேகமாக இருந்து மாமியாருக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்தால் மருத்துவரை அன்றைக்கே பாருங்கள், ஒசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை சோர்ந்து போய் எதையும் குடிக்க மறுத்தாலோ மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், நேராக மருத்துவமனைதான். கொசு அதிகமுள்ள நாட்டிலிருந்து திரும்பியதும் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேரியாவா டெங்குவா என்று பார்க்க அது தேவை. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம், பாராசிட்டமால் மட்டும்.

இன்றைக்குக் கடைக்குப் போனால் மூன்று பொருள் போதும்: தனிப் பாராசிட்டமால் 500 ஒரு பெட்டி, குழந்தைக்கான சிரப் சிரிஞ்சோடு, உப்புநீர் ஸ்பிரே. மாத்திரை போடுகிற நேரத்தையும் அளவையும் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதுங்கள், வீட்டில் மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் என்றால் யாருக்கு எப்போது கொடுத்தோம் என்பது நடு ராத்திரியில் நினைவில் நிற்காது.