ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது எப்படி: வடசென்னை கேள்விகளும் பதில்களும்

வீட்டிலும் கடையிலும் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் (மோடத்திலிருந்து கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) பொருத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை: அண்ணே, கீழ் வீட்டில் ஃபைபர் மோடம் இருக்கு. மாடியில் சிக்னல் ஒரு கோடுதான். பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கு, அதையே ஆக்சஸ் பாயிண்டா மாத்தலாமா?

தாராளமா மாத்தலாம் தம்பி. ஆனா வேலையை வரிசை மாறாமல் செய்யணும்.

முதலில் பழைய ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு 10 வினாடி அழுத்துங்கள். மோடத்தோடு இன்னும் இணைக்க வேண்டாம். அதன் லேன் (வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கான) ஓட்டையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் திறங்கள். ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மோடத்தோடு கேபிளில் இணைத்தால் வேலை முடிந்தது.

இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். பழைய ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். புது முகவரியில் மறுபடி உள்ளே போய், டிஹெச்சிபியை (இணையும் கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இல்லாமல் வெளியே மாட்டிக்கொள்வீர்கள். மோடத்தின் டிஹெச்சிபி 192.168.1.20-இலிருந்து தொடங்கும்படி வைத்துவிட்டால், இந்த 2 வேறு எந்த போனுக்கும் போகாது. கடைசியில் மோடத்தின் லேன் ஓட்டையிலிருந்து ரவுட்டரின் லேன் ஓட்டைக்குக் கேபிள். வெளியிலிருந்து நெட் வாங்கும் ‘வான்’ (WAN) ஓட்டை காலியாகவே இருக்கட்டும்.

பலரும் வானில் செருகிவிடுகிறார்கள். அப்போதும் நெட் வரும், அதனால் தவறு தெரியாது. மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடுவதால், கீழே இருக்கும் பிரிண்டரை மாடி போன் கண்டுபிடிக்காது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இன்னும் மோசம். சில போனுக்கு மோடம் முகவரி கொடுக்கும், சிலதுக்கு ரவுட்டர் கொடுக்கும். ‘வைஃபை இருக்கு, நெட் இல்லை’ என்று விட்டுவிட்டு வரும் தொல்லைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதே வாசகர்: ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்கலாமா?

வைக்கலாம். பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் (அலைவரிசை எண்) மட்டும் வேறாக இருக்கணும். எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் இல்லை. மாடிக்கு ஏறியும் போன் கீழ் சிக்னலையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால், கீழே இருப்பதன் ஒலிபரப்புத் திறனை ‘ஹை’யிலிருந்து ‘மீடிய’த்துக்கு இறக்குங்கள்.

கொருக்குப்பேட்டை: சுத்தி இருபது முப்பது வைஃபை பேர் தெரியுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல நெட் படுத்துடுது. இன்னா பண்றது?

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். கூட்டமாக இருக்கிறதென்று 3-க்கோ 8-க்கோ போகாதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருந்து முறை வைத்துப் பேசும். பாதி மேலே ஏறி நிற்கும் சேனலில் இருப்பவருக்கு அடுத்தவர் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகவே விழும். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் அந்தத் தெருவுக்கே நீங்கள் தொல்லை.

நிஜமான விடிவு 5 கிகாஹெர்ட்ஸ்தான். 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை உள்ள சேனல்கள், 80 மெகாஹெர்ட்ஸ் அகலம். நடுவில் 52 முதல் 144 வரை காலியாகத் தெரியலாம். அவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ஆன் செய்ததும் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சிக்னல் விடும், ரேடார் போலத் தெரிந்தால் நடுவிலேயே வேறு சேனலுக்குத் தாவும். டிவி, லேப்டாப்பை 5-க்கு மாற்றுங்கள். பழைய போனும் கேமராவும் 2.4-இல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ராயபுரம்: சார், எங்களுடையது சுண்ணாம்புக் காரை போட்ட பழைய வீடு. ஒரு அறை தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வரவில்லை. ரிப்பீட்டர் போதுமா?

போதாதம்மா. ஒன்றரைக் கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்துவிடும். ரிப்பீட்டர் அந்தத் தளர்ந்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோ என்றால் வேகமும் பாதியாகும். கூடத்துக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என ஆக்சஸ் பாயிண்ட் வைத்து, இடையில் கேட் 6 கேபிள் இழுங்கள். சுவரைத் துளைக்க மனமில்லையென்றால் ஜன்னல் சட்டத்தின் மூலையில் 8 மில்லிமீட்டர் ஓட்டை போதும். பெட்டியை இரும்பு பீரோ மேல் மட்டும் வைக்காதீர்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, போனில் சிக்னல் அளக்கும் ஆப் போட்டு உட்காரும் இடத்தில் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம்மோ அதைவிட நல்லதோ (பூஜ்ஜியத்துக்கு இன்னும் பக்கத்திலோ) இருந்தால் வீடியோ கால் தடங்காது.

காசிமேடு: மீன் ஏலக் கடை மாடியில் அவுட்டோர் ஆக்சஸ் பாயிண்ட். கொஞ்ச மாசத்துல கனெக்டர் பச்சை பூத்துடுது. மூணு தடவை மாத்தியாச்சு.

உப்புக்காற்றோடு கேபிளில் ஓடும் மின்சாரமும் சேர்ந்து செய்யும் வேலை இது. பிஓஇ என்றால் கேபிளிலேயே 48 வோல்ட் நேர்மின்சாரம் போகிறது. ஊசிகளுக்கு நடுவில் உப்பு ஈரம் படிந்தால் செம்பு கரைந்துகொண்டே வரும். வெறுமனே கனெக்டரை மாற்றினால் திரும்பத்தான் வரும். கேபிளுக்கு உள்ளேயும் ஈரம் ஏறியிருக்கும், ஒரு சாண் வெட்டிப் பளபளப்பான செம்பு தெரிந்த பிறகு கிரிம்ப் செய்யுங்கள் (புது கனெக்டரைக் கருவியால் அழுத்திப் பொருத்துவது).

சாம்பல் நிற உள்வீட்டுக் கேபிள் வெயிலில் வெடிக்கும். வெளிவேலைக்கான கறுப்புப் பாலிஎத்திலீன் உறை போட்டதாக வாங்குங்கள். பெட்டிக்குள் நுழையும் இடம் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். நுழையுமுன் கேபிளில் ‘ப’ வடிவில் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ஊசிகளில் டைஎலக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். ஓட்டையை அடைக்க சிலிக்கான் ஒட்டுப்பசை வாங்கும்போது மூடியைத் திறந்து முகருங்கள். வினிகர் வாடை அடித்தால் வேண்டாம், அந்த அமிலமே செம்பை அரிக்கும். ‘நியூட்ரல் கியூர்’ என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். கனெக்டரின் தங்க முலாம் ‘50 மைக்ரான்’ என்று கடையில் சொல்வது 50 மைக்ரோ இன்ச், அதாவது 1.27 மைக்ரான். இருந்தாலும் மெல்லிய முலாமைவிட அது தாக்குப்பிடிக்கும். இடி மின்னலுக்கு, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் பூமி இணைப்போடு ஒரு சர்ஜ் அரெஸ்டரும் (திடீர் மின் பாய்ச்சலை பூமிக்குத் திருப்பிவிடும் கருவி) வேண்டும்.

தண்டையார்பேட்டை: பிஓஇ சுவிட்சிலிருந்து (கேபிளில் நெட்டும் கரன்ட்டும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 60 மீட்டரில் ஆக்சஸ் பாயிண்ட். பகலில் சரி, கூட்டம் வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

கேபிளைத்தான் சந்தேகப்படணும். நிறைய பேர் இணைந்ததும் ரேடியோ அதிக மின்சாரம் கேட்கும், கேபிளில் வோல்டேஜ் விழுந்து பெட்டி அணையும். அதே பெட்டியை சுவிட்ச் பக்கத்திலேயே 2 மீட்டர் கேபிளில் போட்டு, அதே கூட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் குற்றவாளி கேபிள்தான். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு முலாம் போட்ட அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. ரிச்சி தெருவில் 305 மீட்டர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், பணம் கொடுக்குமுன் இந்த பிளேடு சோதனையைச் செய்துவிடுங்கள்.

சின்ன கேபிளிலும் ரீஸ்டார்ட் ஆனால் சுவிட்ச் பக்கம் பாருங்கள். 802.3ஏஎஃப் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் தரும், 802.3ஏடி 30 வாட். புதிய வைஃபை 6 பெட்டிகளில் பல இரண்டாவதைக் கேட்கும். பெட்டியைக் கேட்காமலே கேபிளில் மின்சாரம் விடும் 24 வோல்ட் பாசிவ் அடாப்டரை இதோடு கலக்கவே கூடாது.

பெரம்பூர்: 300 எம்பிபிஎஸ் பிளான். மோடத்தில் 300 வருது, மாடி ஆக்சஸ் பாயிண்டில் 94 தாண்டவில்லை.

கேபிளில் எட்டு இழையில் நான்கு மட்டும் வேலை செய்கிறது, அல்லது அந்தப் பெட்டியின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரு முனையிலும் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்து பாருங்கள்.

கொளத்தூர்: வண்ணமீன் கடை. கவுன்ட்டரில் நெட் நல்லா வருது, தொட்டி அடுக்குக்குப் பின்னால் சுத்தமா இல்லை.

தண்ணீர் வைஃபையைக் குடித்துவிடும். தொட்டிச் சுவரை ஊடுருவ முயலாமல் பெட்டியை உத்தரத்தில், தொட்டிகளுக்கு மேலே நடுவில் மாட்டுங்கள்.

வியாசர்பாடி: பிரியாணிக் கடையில் வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கணும். பில் போடும் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது.

கெஸ்ட் நெட்வொர்க் போடுங்கள். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வைத்தால், பல மாடல்களில் கெஸ்ட்டும் உள் நெட்வொர்க்கும் ஒரே குட்டையில்தான் விழும். கெஸ்ட்டில் இணைந்து 192.168.1.1-ஐயும் கம்ப்யூட்டரின் முகவரியையும் திறந்து பாருங்கள். ஒன்று திறந்தாலும் பிரிப்பு வேலை செய்யவில்லை. அப்போது மோடத்திலும் ஆக்சஸ் பாயிண்டிலும் விலேன் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்) பிரிக்க வேண்டும், அல்லது மோடத்தின் சொந்த கெஸ்ட் நெட்வொர்க்கையே வாடிக்கையாளருக்கு விட்டுவிடுங்கள். இரண்டிலும் டபிள்யூபிஎஸ் (பட்டனோ பின் எண்ணோ கொண்டு பாஸ்வேர்ட் இல்லாமல் இணைக்கும் வசதி) அணைந்திருக்கட்டும். வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பாதுகாப்பு எதுவும் அதிகமாகாது.

எண்ணூர்: கரன்ட் போனா நெட்டும் போகுது. 6000 எம்ஏஹெச் மினி யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்த 6000 என்பது 2000 எம்ஏஹெச் செல் மூன்றைக் கூட்டிச் சொன்னது. செல் ஒன்று 3.7 வோல்ட், ஆக மொத்தம் 22 வாட் மணி. மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 13 வாட் இழுத்தால், சேதாரம் போக ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. வாங்குமுன் இரண்டு பெட்டிகளின் அடாப்டரையும் பாருங்கள். ஒன்று 12 வோல்ட், மற்றது 9 வோல்ட் என்றால் அதற்கேற்ற வெளியீடு யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஃபைபர் உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தால் தெருவில் கரன்ட் போனாலும் நெட் ஓடும். கம்பத்து சுவிட்சிலிருந்து சாதாரண லேன் கேபிள் வருகிறதென்றால், அந்தச் சுவிட்சுக்கும் பேட்டரி இருக்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேட்ட பிறகு காசைச் செலவிடுங்கள்.