25% சீட் சட்டம் நம்ம மலேசியாவுல இல்ல, கையில இருக்கிற லெட்டர விட்டுடாதீங்க

சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. வீட்டுக்காரர் செம்பனை வெட்டுறாரு. பொண்ணு தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்சதும் டவுன்ல ஒரு பிரைவேட் ஸ்கூல், இடைநிலைப்பள்ளி படிவம் 1லேர்ந்து 5 வரைக்கும் ஃபீஸ் வேணாம்னு லெட்டர் கொடுத்து 800 வெள்ளி பதிவுக்கு வாங்கிக்கிச்சு, இப்ப நாலு மாசம் போனதும் பாதி ஃபீஸ் கட்டு இல்லன்னா பிள்ளைய எடுத்துக்கோங்குது. தமிழ்நாட்டு சொந்தக்காரங்க, பிரைவேட் ஸ்கூல் 25% சீட் ஏழைப் பிள்ளைங்களுக்கு கொடுத்தே ஆகணும்னு ஒரு வீடியோ அனுப்பினாங்களாம், அத காட்டி கேக்கலாமாங்குறாங்க.

அக்கா, அது இந்தியாவோட 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12. அங்கயும் ஒண்ணாங் கிளாஸ்லயோ அதுக்கு முந்தின எல்கேஜியிலயோ சேர்றப்பதான் அந்த சீட்டு, எட்டாவதோட முடிஞ்சிடும், செலவ அரசாங்கம் ஸ்கூலுக்கு திருப்பிக் கொடுக்கணும். உங்க பொண்ணு வயசுல அங்கயே அந்த வழியா புதுசா நுழைய முடியாது.

நம்ம 1996 கல்விச் சட்டத்துல பிரைவேட் ஸ்கூல் இத்தன சீட் ஒதுக்கணும்னு எங்கயும் இல்ல, அரசியலமைப்புல 12வது பிரிவு பேதம் பாக்கக்கூடாதுன்னு சொன்னாலும் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், பிரைவேட் ஆளுங்கள இல்ல. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு ஸ்கூல் நிர்வாகம் மனசு வச்சாத்தான் திறக்குதுங்குறது எனக்கு ரொம்ப வேதனை, மாறணும்னு உண்மையாவே நினைக்கிறேன்.

ஆனா உங்ககிட்ட லெட்டர் இருக்கே! 1950 ஒப்பந்தச் சட்டப்படி பதிலுக்கு எதுவும் கொடுக்காம வாங்கின வாக்குறுதி பொதுவா நிக்காது, இங்க நீங்க 800 வெள்ளி கட்டியிருக்கீங்க, அந்த லெட்டர நம்பி எஸ்எம்கே (அரசாங்க இடைநிலைப்பள்ளி) இடத்தையும் விட்டிருக்கீங்க, அதனால "சும்மா கொடுத்தோம், எப்ப வேணா நிறுத்துவோம்"னு ஸ்கூல் லேசா சொல்லிட முடியாது. முதல்ல லெட்டர வரி வரியா படிங்க, "வருஷா வருஷம் பரிசீலிக்கப்படும்", "மார்க் குறைஞ்சா ரத்து" மாதிரி ஏதாவது இருந்தா உங்க கேஸ் பலம் குறையும், இல்லன்னா நல்ல கேஸ்தான்.

புதுசா எந்த பாரத்துலயும் கையெழுத்து போடாதீங்க, "இந்த மாசம் மட்டும்"னு பாதி ஃபீஸும் கட்டிடாதீங்க, அப்புறம் நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு திருப்புவாங்க. லெட்டர், ரசீது நகல் வச்சு ரெஜிஸ்டர் போஸ்ட்ல எழுதி 14 நாள்ல பதில் கேளுங்க. பிள்ளைய எடுத்துட்டு 800 வெள்ளி மட்டும் திரும்ப வேணும்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல சின்ன கிளேம் போடலாம், 5,000 வெள்ளி வரைக்கும் லாயர் இல்லாமலே நீங்களே படிவம் 198 நிரப்பலாம். பிள்ள அங்கயே படிக்கணும்னா அந்த வழி சரிப்படாது, லாயர் நோட்டிஸ் வேணும், லெட்டரோட ஈப்போவுல பேராக் பார் லீகல் எய்ட்ட (வக்கீல் சங்கத்தோட சட்ட உதவி மையம்) போய் பாருங்க.

இதுக்கு நடுவுல பிபிடிக்கு (மாவட்டக் கல்வி ஆபீஸ்) போய் எஸ்எம்கே இடத்துக்கும் இப்பவே மனு போட்டு வைங்க, பிள்ள ஒரு நாள்கூட வீட்ல உக்காரக்கூடாது.