மாமியாரின் கணவாய்

ஐயா, வணக்கம். 1077 ஜனவரியில் ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி, இத்தாலியிலுள்ள கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்று போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்டதைப் படித்தேன். மதவெறி பிடித்த காலம்! இந்தச் சண்டையில் கடைசியில் வென்றது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

வென்றது யார் என்பதை அப்புறம் பார்க்கலாம். ‘மதவெறி பிடித்த காலம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, எரிச்சலாக வருகிறது. பிஷப் என்றால் ஜெபம் பண்ணுகிறவர் மட்டுமா? அவர் கையில் நிலம் இருந்தது, அரசருக்கு அனுப்பப் படை இருந்தது, அந்தப் பதவி மகனுக்கும் போகாது. அதனால் அவர் செத்ததும் அடுத்த ஆளுக்குப் பதவிச் சின்னமான மோதிரமும் கோலும் கொடுப்பது யார் என்பதுதான் சண்டை.

வெறுங்கால் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், ஹென்றி அங்கே வந்து சேர்ந்தது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக நான் அவர் மனைவி பெர்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1069-ல் இவள் வேண்டாம் என்று விவாகரத்துக்கு ஒற்றைக்காலில் நின்றார் ஹென்றி. போப்பின் தூதராக வந்த பீட்டர் டேமியன் முடியவே முடியாது என்றுவிட்டார். 1076-ல் போப் கிரிகோரி ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஒரு வருடத்துக்குள் அது நீங்காவிட்டால் நீ அரசரே இல்லை என்று பிரபுக்கள் கெடு வைத்ததோடு, ஆல்ப்ஸ் கணவாய்களையும் அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த வழி மோன் செனி. அது யார் கையில்? பெர்தாவின் அம்மா அடிலெய்டு கையில்!

மாமியார் சும்மா விடுவாரா? வழிவிட இத்தாலியில் ஐந்து பிஷப் பதவிகளைக் கேட்டு, பேரம் பேசி, கடைசியில் பர்கண்டியில் வளமான ஒரு பகுதியை வாங்கிக்கொண்டுதான் விட்டார் என்று எழுதுகிறார் லாம்பர்ட் என்ற துறவி. (அவருக்கு ஹென்றியைக் கண்டாலே ஆகாது, அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.) பிஷப் பதவி எப்பேர்ப்பட்ட சரக்கு என்று இப்போது புரிகிறதா?

உறைபனிச் சரிவில் ஆண்கள் தவழ்ந்தும் வழிகாட்டிகளின் தோளைப் பிடித்தும் இறங்க, பெர்தாவையும் பணிப்பெண்களையும் மாட்டுத்தோலில் உட்காரவைத்து இழுத்து இறக்கினார்களாம். கூடவே மூன்று வயது நிரம்பாத மகன் கொன்ராட். விவாகரத்து கிடைத்திருந்தால் ஹென்றிக்கு அந்தக் கணவாய் ஏது, கனோசா ஏது? அவர் கேட்டதை மறுத்துத்தான் சபை அவர் கிரீடத்தைக் காப்பாற்றியது. அந்தப் பிள்ளையோ 1093-ல் போப் கட்சிக்குப் போய் அப்பாவையே எதிர்த்தது. நல்லவேளை, அதைப் பார்க்கப் பெர்தா உயிரோடு இல்லை.

சரி, உங்கள் கேள்வி. 1122-ல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில், அவர்களுக்குப் பின் வந்த போப்பும் அரசரும், மோதிரமும் கோலும் சபைக்கு, நிலம் வழங்கும் உரிமை அரசருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பரீட்சைக்கு அது போதும். அடிலெய்டைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், திட்டமாட்டேன்.