லா காசா 3-இல் ஆஷ் ஏன் வரவில்லை?

இத்தாலிய டிவிடி தொகுப்பில் 'லா காசா 3' பார்த்தேன், 'ஈவில் டெட்' பேய்ப் படங்களின் நாயகன், கையில் ரம்பம் மாட்டிய ஆஷ் கடைசி வரை வரவே இல்லை, டிஸ்க் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். டிஸ்க் சரிதான் நண்பரே, பெயர்தான் டூப்பு.

சாம் ரெய்மி இயக்கிய 'ஈவில் டெட்' (1981) இத்தாலியில் 'லா காசா', அதாவது 'வீடு' என்ற பெயரில் வந்தது. இரண்டாம் பாகம் 'லா காசா 2'. அதுவரை நேர்மைதான். மூன்றாம் பாகம் வருவதற்குள் அங்குள்ள தயாரிப்பாளர்களுக்குப் பொறுக்கவில்லை. 1988-இல் உம்பெர்ட்டோ லென்சி எடுத்த 'கோஸ்ட்ஹவுஸ்' என்ற படத்துக்கு 'லா காசா 3' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கோமாளி பொம்மைக்கும் ஆஷுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. (எனக்கு அந்தப் பொம்மை பிடிக்கும், அது வேறு விஷயம்.)

'லா காசா' 4, 5 இரண்டும் இதே பெயர் டூப்புதான். 6 என்பது 'ஹவுஸ்' என்ற வேறொரு அமெரிக்கப் படத்தின் இரண்டாம் பாகம்! உங்களுக்கு வேண்டிய, ஆஷ் வரும் நிஜ மூன்றாம் பாகம் 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்' (1992). அங்கே அதன் பெயர் 'லார்மாட்டா தெல்லே தேனெப்ரே'.

அடுத்த முறை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப் பெயரையும் ஆண்டையும் பாருங்கள். இயக்குநர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். 'கோஸ்ட்ஹவுஸ்' படத்தில் லென்சியின் பெயரே 'ஹம்ஃப்ரி ஹம்பெர்ட்' என்றுதான் போட்டிருக்கும்.