செயலி பிறகு, மாத்திரைப் பட்டியல் முதலில்: பெற்றோரின் மருந்துகளை மொபைலில் கவனிப்பது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். அம்மாவுக்குத் தைராய்டு. இருவரும் திருநெல்வேலி பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள், நான் சென்னையில். தனியார் டாக்டர் எழுதிய மாத்திரைகளும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகளும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு துணிப்பையில். எந்தச் செயலியைப் போடலாம், எப்படிப் பயன்படுத்தலாம்?

பதில்: எந்தச் செயலி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதி வைத்ததைத்தான் செயலி தினமும் திருப்பிச் சொல்லும். தப்பாக எழுதி வைத்தால், அந்தத் தப்பையும் நேரம் தவறாமல் சொல்லும். அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் அந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டு உட்காருங்கள்.

மருந்துச் சீட்டைப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டாம். வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் கம்பெனி வைத்த பெயருக்குப் பக்கத்திலேயே உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் சின்ன எழுத்தில் இருக்கும். செயலியில் ஏற்ற வேண்டியது அதைத்தான். காரணம் இருக்கிறது. டெல்மா-ஏஎம் என்ற ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் டெல்மிசார்ட்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அரசுத் திட்டத்தில் அம்லோடிபின் 5 மி.கி. தனியாகவும் வந்திருந்தால், அப்பா தினமும் 10 மி.கி. விழுங்கிக்கொண்டிருப்பார். கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஆஸ்பிரினிலும் இப்படித்தான்: எக்கோஸ்பிரின்-ஏவி-யில் அது உண்டு, க்ளோபிடாப்-ஏ-யிலும் உண்டு. இரண்டு அட்டையில் ஒரே பெயரைக் கண்டால் நீங்களாக ஒன்றை நிறுத்திவிட வேண்டாம். இரண்டையும் படம் எடுத்து அன்றைக்கே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். நடுவில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

அட்டையை வெட்டித் தரும் கடைகளில் இன்னொரு சங்கடம். பெயரும் காலாவதி தேதியும் அச்சான பகுதி வெட்டில் போய்விடும். அப்படிப்பட்ட துண்டுகளைப் பட்டியலில் ஏற்றாதீர்கள், முழு அட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. செயலியோ காலை 8, இரவு 8 என்று தானாகவே ஒரு நேரத்தைப் போட்டுக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிடாமல் அந்த வீட்டின் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்ற வேண்டும். கிளைமிபிரைடு கலந்த சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். அதற்கான குறிப்பில் ‘இட்லி தட்டில் வந்த பிறகு’ என்றே தமிழில் எழுதி வையுங்கள். ‘எஸ்ஆர்’ (மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் வகை) என்று போட்ட மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, அதையும் குறிப்பில் சேருங்கள்.

அம்மாவின் தைராய்டு மாத்திரைக்குக் காலை 6 மணி சரியாக இருக்கும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. காபி அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எனவே கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வையுங்கள். காலையில் எல்லாவற்றையும் ஒரே அலாரத்தில் அடைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பிறகு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு குறைவாக இருந்தால் ஏறும் அளவு) இறங்கவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

வாரம் ஒரு முறை போடும் மருந்துகளில் விழிப்பாக இருங்கள். செயலிகள் பெரும்பாலும் ‘தினமும்’ என்றே எடுத்துக்கொள்ளும். வைட்டமின் டி 60,000 யூனிட் அந்த வகை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்த பிறகு நாள்காட்டிப் பக்கத்தைத் திறந்து, அடுத்த நான்கு வாரமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இனி அலாரம். “நேற்று அடிச்சுது, இன்னைக்கு அடிக்கல” என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் செயலி அல்ல, ஆண்ட்ராய்டு போனின் பேட்டரி சிக்கனம். அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி பகுதியில் ‘கட்டுப்பாடில்லை’ என்று மாற்றுங்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ அனுமதி தனியாக இருக்கும், அதையும் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அலாரங்கள், நினைவூட்டல்கள்’ என்று ஓர் அனுமதி. 13 முதல் அறிவிப்புக்கும் தனி அனுமதி. முதல் நாள் கேட்கும்போது அப்பா ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் அதோடு போன் வாயே திறக்காது. பத்து நிமிடம் கழித்து ஒரு சோதனை அலாரம் வைத்துப் பார்ப்பது போதாது. இரவு முழுக்கக் கிடந்த போனில் காலை 6 மணிக்கு அடிக்கிறதா என்பதே சோதனை. திரையில் திறந்திருப்பதை எல்லாம் துடைத்துத் தள்ளும் பழக்கம் இருந்தால், சில போன்களில் அலாரமும் சேர்ந்து போய்விடும்.

தொலைவில் இருக்கும் உங்களுக்கு உதவுவது, வேளை தவறினால் குடும்பத்தாருக்குத் தகவல் அனுப்பும் வசதி. மெடிசேஃப் என்ற மாத்திரை நினைவூட்டும் செயலியில் அது உண்டு. ஆனால் ‘எடுத்தாச்சு’ என்று தட்டியதற்குத்தான் கணக்கு, விழுங்கியதற்கு அல்ல. அதைச் சரிபார்க்க இருப்புக் கணக்கே வழி. 1-0-1 என்றால் 30 நாளைக்கு 60 மாத்திரை, 15 மாத்திரை அட்டையாக நான்கு. வாங்கியதும் 60 என்று ஏற்றுங்கள். 14 ஆனதும், அதாவது ஒரு வாரம் மீதி இருக்கும்போது, எச்சரிக்கை வரும்படி வையுங்கள். மாதம் ஒரு முறை வீடியோ காலில் அட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். செயலி 22 என்று சொல்லி, கையில் 28 இருந்தால் ஆறு வேளை தட்டியதோடு சரி. சண்டை போடாமல் காரணத்தைக் கேளுங்கள். பல நேரம் அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டியிருக்கும்.

வேளை தவறியது தெரிந்தால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. எந்த மாத்திரையை எத்தனை மணி வரை தாமதமாகப் போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தந்த மாத்திரையின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம். ஆபா எண் (அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) எடுத்துவிட்டால் பழைய ரிப்போர்ட்டெல்லாம் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வராது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் கிடைக்கும் அந்த 14 இலக்க எண் ஓர் இணைப்பு மட்டுமே. இந்த ஏற்பாட்டில் சேர்ந்த மருத்துவமனையோ ஆய்வகமோ உங்கள் எண்ணோடு இணைத்த ஆவணங்கள்தான் தெரியும். அவையும் அந்த மருத்துவமனையிலேயே இருக்கும், உங்கள் சம்மதத்தின்பேரில்தான் இன்னொருவருக்குக் காட்டப்படும். எவ்வளவு நாளைக்கு என்று வரையறுக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். ஆதார் வழியாக எடுப்பதானால், ஆதாரில் பதிந்த மொபைல் எண் உயிரோடு இருக்க வேண்டும். அப்பாவின் ஆதாரில் பழைய எண் இருந்தால் ஓடிபி வராது, முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள்.

துணிப்பையில் இருப்பது அத்தனையையும் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ ரிப்போர்ட், ஸ்டென்ட் அட்டை (வைத்த ஸ்டென்ட்டின் விவரம் உள்ள கார்டு), கடைசி ஈசிஜி, எக்கோ, கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), அம்மாவின் கடைசித் தைராய்டு ரிப்போர்ட், இப்போதைய சீட்டுகள்: இவை போதும். கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதியில், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கோப்புப் பெயரில் வருடத்தை முதலில் போடுங்கள்: ‘2025-03-14 அப்பா எக்கோ’. அப்போதுதான் தேதி வரிசையில் நிற்கும். ஈசிஜி அச்சாகும் தாள் பெரும்பாலும் வெப்பத்தாள், நாளாக ஆக மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துப்போகும். வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டை வந்த அன்றே சேமியுங்கள், நாள் கடந்தால் சில நேரம் இறங்காது. நீங்கள் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்று அனுப்பினால் எழுத்து மங்காது.

எந்தச் செயலி என்ற கேள்விக்கு: மாத்திரைக்கு மெடிசேஃப், மைதெரபி இரண்டில் அப்பாவுக்கு எழுத்து தெளிவாகத் தெரிவது எதுவோ அது. ரிப்போர்ட்டுக்கு அரசின் ஆபா செயலி, கூடவே உங்கள் டிரைவில் ஒரு பிரதி. வேறு எதைப் போட்டாலும், இணையம் இல்லாதபோது அலாரம் அடிக்கிறதா, பட்டியலைப் பிடிஎஃப்-ஆக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வெளியே எடுக்கவே விடாத செயலியில் பல வருடக் கணக்கை ஏற்றாதீர்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் கணக்கை உள்ளே போய் அழித்த பிறகே செயலியை நீக்குங்கள். நீக்கினால் மட்டும் தகவல் அவர்களிடமிருந்து போய்விடாது.

போனைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவலில் அப்பாவின் ஸ்டென்ட், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, உங்கள் எண் ஆகியவற்றை நிரப்புங்கள். அதே தகவலை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையிலும் வையுங்கள். பல் பிடுங்கப் போனால்கூட அது தேவைப்படும்.

டாக்டர் மருந்தை மாற்றும்போது, பழைய பதிவில் அளவை மட்டும் திருத்திவிடாதீர்கள். பழையதை அந்தத் தேதியோடு நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று சேருங்கள். எந்த அளவு எந்தத் தேதி வரை ஓடியது என்று அடுத்த டாக்டர் கேட்கும்போது பதில் அங்கே இருக்கும். நிறுத்திய மாத்திரையின் அட்டையையும் அன்றே டப்பாவிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.