“அடுத்த மாசத்தோட நிறுத்திடறேன்” என்று தலைமையாசிரியர் சொன்னால் போதுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். சாயங்காலம் விளையாட்டு சொல்லிக்கொடுக்க ஊர்ப் பெரியவர் ஒருவரின் சிபாரிசில் வெளியாள் ஒருவர் வருகிறார். பழக்கிவிடுகிற சாக்கில் கண்ட இடத்தில் கை வைக்கிறார் என்று இரண்டு பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள். தலைமையாசிரியரிடம் போனால், “ஸ்கூல் பேரு கெட்டுடும்மா, அடுத்த மாசத்தோட நிறுத்திடறேன்” என்கிறார். அந்த ஆளைச் சேர்க்கும்போது போலீஸ் விசாரணை எதுவும் நடக்கவில்லை. நான் போலீசுக்குப் போகலாமா? நிரூபிக்க முடியாவிட்டால் என்மேல் கேஸ் வருமா?

பதில்: போங்கள் அம்மா, இன்றைக்கே போங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். நடந்துவிடுமோ என்று அஞ்சுபவருக்கும் அந்தக் கடமை உண்டு. தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இதைத் தலைமையாசிரியரிடம் பதற்றப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் தண்டனை. நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு அவர்களைக் குடையாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ போகவே கூடாது.

குடியாத்தம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். தகவலுக்குப் பதிவு எண் போட வேண்டும், எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் போலீசாருக்கும் அதே 6 மாத தண்டனைப் பிரிவு பொருந்தும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம், ஆனால் அது போலீஸ் புகாருக்கு மாற்று ஆகாது. துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. வாக்குமூலத்துக்காகப் பிள்ளைகளை ஸ்டேஷனுக்கு இழுக்க மாட்டார்கள். வீட்டிலோ அவர்கள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் பதிவு செய்ய வேண்டும்.

ஊரில் “பேசி முடிச்சுக்கலாம்” என்று யாராவது வருவார்கள். ராஜஸ்தானில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்மேல் இருந்த போக்சோ வழக்கு, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆனதால் ரத்தானது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாது என்று சொல்லி வழக்கை மீட்டது. பெற்றோரே கையெழுத்துப் போட்டாலும் இந்தக் குற்றம் கரையாது.

தலைமையாசிரியரின் யோசனைதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. அடுத்த மாதம் நிறுத்துவார், சரி. அதுவரை அதே மைதானத்தில் அதே பிள்ளைகள்தானே? அதற்கப்புறம் அந்த ஆள் பேரணாம்பட்டிலோ கே.வி.குப்பத்திலோ இன்னொரு பள்ளிக்குப் போவார். அங்கே போலீஸ் சரிபார்ப்பு கேட்டால், வழக்கு எதுவும் இல்லை என்றுதான் வரும். சரிபார்ப்பு என்பது முன்னால் யாரோ பதிய வைத்ததைப் படிப்பதுதான், நீங்கள் பதியாவிட்டால் படிக்க எதுவும் இருக்காது. நிரந்தர ஆசிரியர் என்றால் வேலையோடு கல்விச் சான்றிதழையும் பறிக்க 2012ஆம் ஆண்டின் அரசாணை 121 இருக்கிறது. சிபாரிசில் வந்தவரிடம் பறிக்க எதுவுமில்லை, போலீஸ் பதிவு ஒன்றுதான் அவர் பின்னாலேயே போகும்.

சேர்த்த விதமும் தவறு. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும் பள்ளி போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும். ஆசிரியரா காவலாளியா, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற பேதம் இல்லை. ஒருமுறை செய்துவிட்டு மறப்பதற்கும் இடமில்லை, குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடியும் செய்ய வேண்டும். “நான் சம்பளப் பட்டியலிலேயே இல்லை” என்று இவர் தப்பிக்கவும் முடியாது. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்துகொண்டு குழந்தையிடம் பாலியல் எண்ணத்தோடு கை வைத்தால், பள்ளி ஊழியருக்கு உள்ள அதே 5 முதல் 7 ஆண்டு சிறை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் வெளிவந்த போலி என்.சி.சி. முகாம் வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையோடு சம்பந்தமே இல்லாதவர்கள் பள்ளிக்குள் முகாம் நடத்தினார்கள், அங்கே மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். உண்மையிலேயே அந்த அமைப்புதானா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

புகார் கொடுத்த கையோடு, அந்த ஆளை இன்றே பள்ளி வளாகத்துக்குள் விடக்கூடாது என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இன்னொரு நகல் வேலூர் முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போகட்டும். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் பள்ளிக்குள் வந்துபோகும் பயிற்சியாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், சத்துணவுப் பணியாளர் எல்லோர் பெயரையும் எழுதி, யார் யாருக்குச் சரிபார்ப்பு ஆகியிருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.