வாசகர் கேள்வி – பதில்: பாராட்டுப் பலகையும் நான்கு மணிப் பேருந்தும்

பல ஊர்களின் பிள்ளைகள் ஒன்றுகூடிப் படிக்கும் வட்டார உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி இம்முறை வழக்கத்தைவிட மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை, சுற்றிச் சுற்றி, யாரைப் பாராட்டுவது, எதற்காகப் பாராட்டுவது என்ற இடத்திலேயே வந்து நிற்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் கால்பந்து அணி கோப்பை வென்ற நாளில் சுற்றுவட்டாரமே திரண்டு வந்து வரவேற்றது. அதே வாரம் கணிதப் போட்டியில் முதலிடம் பெற்ற என் மகளுக்குக் காலைக் கூட்டத்தில் ஒரு கைதட்டல் கிடைத்ததோடு சரி. கல்வியை மதிக்கத் தெரியாத சமூகமாகிவிட்டோமா? – ஒரு தந்தை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் அதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவு அவசரமானது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், இல்லினாய் மாநிலத்தில் 10 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். சிறந்த மாணவன், விளையாட்டு வீரன், எல்லோருக்கும் பிடித்தவன் ஆகிய மூவரில் யாராக நீ நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று பையன்களிடம் கேட்டபோது, மிகுதியானோர் விளையாட்டு வீரனையே தேர்ந்தெடுத்தனர். இதற்காக அவர் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பந்தை வலைக்குள் அனுப்புகிறவனின் வெற்றி பள்ளி முழுவதற்கும் சொந்தமாகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்கூட ‘நாம் வென்றோம்’ என்கிறான். வகுப்பின் தரவரிசையிலோ ஒருத்தி ஓரிடம் ஏறினால் இன்னொருத்தி ஓரிடம் இறங்கியாக வேண்டும். தொழிற்சாலையில் ஒருவர் மட்டும் விரைந்து வேலை செய்தால் எல்லோருக்கும் வேலையளவு கூட்டப்பட்டுவிடும் என்று சக தொழிலாளர்கள் அவரைத் தடுத்து நிறுத்துவது போல, நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சக மாணவர்கள் கேலி செய்து கீழே இழுப்பதற்கும் இந்த ஏற்பாடே காரணம் என்றார் கோல்மன். இதற்கு மாற்றாக, பள்ளிகளுக்கிடையே அறிவுத்துறைப் போட்டிகளையும் அணிகளாக நடத்தலாம் என்பது அவருடைய யோசனை.

நோயை அவர் சரியாகக் கண்டறிந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மருந்தைப் பற்றித்தான் சிறிது தயக்கம், ஏனெனில் எல்லாவற்றையும் கோப்பைக்காகச் செய்யும் பழக்கம் கணிதத்துக்கும் வந்துவிட்டால் இழப்பு கணிதத்துக்குத்தான். மேலும், கால்பந்தாட்டத்தை ஊர் கண்ணால் பார்த்தது. உங்கள் மகள் மூடிய அறையில் தாளில் எழுதியதை யார் பார்த்தார்கள்? மேடையில் நிறுத்திக் கைதட்டி அனுப்புவதற்குப் பதிலாக, அவர் தீர்த்த கணக்குகளுள் ஒன்றைப் பத்து நிமிடம் பலகையில் விளக்கும்படி பள்ளி கேட்டிருக்கலாம். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புரிந்தாலும் அந்த வெற்றியில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மொத்தமே நூற்றைம்பது மாணவர்கள். பெரிய பள்ளிகளின் ஆண்டுமலரைப் பார்க்கும்போது, நாங்கள் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. சிறிய பள்ளியாக இருப்பதே குறைபாடுதானா? – ஒரு தலைமையாசிரியர்

பதில்: உங்களைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டது போன்ற ஓர் ஆய்வு உண்டு. ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 35 மாணவர்கள் கொண்ட பள்ளி முதல் 2,287 மாணவர்கள் கொண்ட பள்ளி வரை பலவற்றை ஒப்பிட்டு, 1964-இல் முடிவுகளை வெளியிட்டனர். வகுப்பு, ஆட்டம், நாடகம், இசைக்குழு, மாணவர் மன்றக் கூட்டம் என்று பிள்ளைகள் செயல்படும் களங்கள் ஒவ்வொன்றையும் அவர்கள் பொறுமையாக எண்ணினார்கள். மிகச் சிறிய பள்ளியைவிட மிகப் பெரிய பள்ளியில் மாணவர்கள் 65 மடங்கு இருந்தனர். களங்களோ 8 மடங்குதான். களங்களின் வகைகளைப் பார்த்தால் வெறும் ஒன்றரை மடங்கு.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நாடகத்தில் பன்னிரண்டு பாத்திரங்கள் இருந்தால், இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியிலும் அவை பன்னிரண்டுதான். அங்கே தகுதியான பன்னிருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம். உங்கள் பள்ளியிலோ நாடகம் மேடையேற வேண்டுமானால், கூச்சப்படுகிற பையனையும் குரல் எழும்பாத பெண்ணையும் தேடிப் பிடித்து இழுத்து வந்தாக வேண்டும். பெரிய பள்ளி மாணவர்கள் தங்களுக்கு மகிழ்ச்சி தந்தவையாகப் பெரும்பாலும் பிறர் செய்ததைப் பார்த்து ரசித்ததையும், சிறிய பள்ளி மாணவர்கள் தாங்களே முக்கியமான ஒரு வேலையைச் செய்ததையும் ஒரு திறமையை வளர்த்துக்கொண்டதையும் கூறினர் என்பது அந்த ஆய்வு தந்த செய்தி. அதே ஆய்வு மரபில் எட்வின் வில்லம்ஸ் பின்னர் 1967-இல் வெளியிட்ட முடிவு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள்கூடச் சிறிய பள்ளிகளில், ‘நான் போகாவிட்டால் வேலை நின்றுவிடும்’ என்ற பொறுப்புணர்வை மற்றவர்களுக்கு இணையாகவே கொண்டிருந்தனர். பெரிய பள்ளிகளில் அதே வகைப் பிள்ளைகளிடம் அந்த உணர்வு மிகக் குறைவாக இருந்தது.

ஆகவே, உங்கள் ஆண்டுமலரில் கோப்பைகளின் பட்டியலுக்கு முன்பாக, இந்த ஆண்டு ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்ற மாணவர்கள் நூற்றைம்பது பேரில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். அந்தக் கணக்கில் பெரிய பள்ளி உங்களை எளிதில் வெல்ல முடியாது. சிறிய பள்ளியில் பாடப்பிரிவுகள் குறைவு, ஒரே ஆசிரியர் மூன்று வேலைகளைச் சுமக்கிறார் என்ற குறைகளை நான் மறைக்கவில்லை, அவை மெய்யானவை. ஆனால் நீங்கள் வருந்துவது அவற்றுக்காக அல்லவே, ஆண்டுமலருக்காகத்தானே?

கேள்வி: தொலைவு ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் பள்ளி மன்றங்களில் சேர்வதே இல்லை. எவ்வளவு ஊக்கமூட்டிப் பேசினாலும் ஆர்வம் காட்டுவதில்லை. என்ன செய்வது? – ஓர் ஆசிரியை

பதில்: பேசுவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டுப் பேருந்தின் நேர அட்டவணையை எடுத்துப் பாருங்கள், அம்மா. பாட வேளை முடிந்த அடுத்த பத்தாவது நிமிடத்தில் கிளம்பும் பேருந்தில் ஏறியாக வேண்டிய பிள்ளைக்கு, மாலை ஐந்து மணி வரை நடக்கும் ஒத்திகை என்பது இன்னொரு நாட்டில் நடக்கும் நிகழ்ச்சி. பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்களே மன்றத் தலைவர்களாகவும் அணித் தலைவர்களாகவும் வருவதையும், தொலைவுக்காரர்கள் ஆண்டுவிழாவில் வெறும் பார்வையாளர்களாக அமர்ந்திருப்பதையும் ஆர்வத்தின் ஏற்றத்தாழ்வாக நாம் நெடுங்காலம் தவறாகப் படித்து வந்திருக்கிறோம். நானும் ஆசிரியராக இருந்த நாட்களில் அப்படித்தான் படித்தேன். ஒரு மாணவனை ‘ஈடுபாடு இல்லாதவன்’ என்று அறிக்கையில் எழுதிய பிறகுதான், அவன் வீடு சேர இரண்டு பேருந்துகள் மாறுகிறான் என்பது தெரிந்தது.

வாரத்தில் இரண்டு நாட்களாவது பிந்திய பேருந்து ஒன்று கிடைக்க வழி செய்யுங்கள். அதற்குப் பணமில்லையென்றால், மன்றக் கூட்டங்களை மதிய இடைவேளைக்கோ பாட வேளைக்குள்ளோ கொண்டு வாருங்கள். இரண்டும் முடியாதென்றால், மாதம் ஒருமுறை ஒத்திகையை அந்த ஊர்களில் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் வந்து பார்ப்பார்கள்.

கேள்வி: ஆண்டு முழுவதும் ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்களுக்குச் சான்றிதழ் தருகிறோம். இது மற்றவர்களையும் ஊக்குவிக்கும் என்பது சரிதானே? – ஒரு வகுப்பாசிரியர்

பதில்: அப்படித்தான் எல்லோரும் நம்பினோம். கலிபோர்னியாவில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முழு வருகைக்கு விருது உண்டு என்று முன்கூட்டியே அறிவித்ததால் வருகை உயரவில்லை. ஏற்கெனவே முழு வருகை தந்தவர்களுக்கு எதிர்பாராமல் விருது கொடுத்தபோது, அடுத்த மாதத்தில் அவர்களுடைய வருகை குறையவே செய்தது. ‘மற்றவர்களைவிட நான் அதிகமாக வந்துவிட்டேன் போலிருக்கிறது’ என்ற செய்தியையோ, ‘பள்ளி என்னிடம் எதிர்பார்த்தது இவ்வளவு இல்லை’ என்ற செய்தியையோ விருது சுமந்து சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். காய்ச்சலோடு வகுப்புக்கு வந்து பக்கத்திலிருப்பவருக்கும் அதைப் பரிசளித்த ‘முழு வருகை’ மாணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே ஒரு தொலைபேசி அழைப்பு போவது, சான்றிதழ் அச்சிடுவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கூடைப்பந்து அணித் தேர்வில் தோற்றுவிட்டேன். பயிற்சியை விட்டுவிடலாமா? – ஒரு மாணவன்

பதில்: தம்பி, முதலில் உன் வயதுப் பிரிவுக்கான கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார். கனடாவின் பனிவளைகோற்பந்து வீரர்களின் பிறந்த தேதிகளை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1985-இல் ஆராய்ந்தபோது, உயர்நிலை இளையோர் அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் மிகுதியாகவும், ஆண்டின் இறுதியில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஒரே ஆண்டில் பிறந்தாலும், ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு மூத்தவன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்த ஓர் ஆண்டு உயரத்திலும் வலிமையிலும் தெரியும். பயிற்சியாளர் அதைத் திறமையென்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறார்; தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்க, சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே திறமைசாலியாகிவிடுகிறான். நீ பிறந்த மாதம் எது என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், ஆட்டம் பிடித்திருக்கிறது என்றால் விடாதே.

கேள்வி: பரிசளிப்பு விழாவில் ‘பிறவி மேதை’ என்று என் மகனைப் பாராட்டினார்கள். அதன் பிறகு அவன் கடினமான எதையும் தொட மறுக்கிறான். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? – ஒரு தாய்

பதில்: இருக்கக்கூடும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், புதிர்களைத் தீர்த்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து எந்த வேலை வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி எனப்பட்டவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைக் காப்பாற்றித் தரும் எளிய வேலையையும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கற்கக்கூடிய கடினமான வேலையையும் தேர்ந்தெடுத்தனர். பிறகு கடினமான புதிர்களில் தாம் பெற்ற மதிப்பெண்ணை வேறொரு பள்ளி மாணவருக்கு எழுதச் சொன்னபோது, முதல் வகையினரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். பெயர் தெரியாத ஒருவரிடம்கூடத் தோல்வியை ஒப்புக்கொள்ள முடியாத நிலைக்கு ஒரு வரிப் பாராட்டு தள்ளியிருக்கிறது. மகனிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அவன் முன்னால் நீங்களே உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கற்கத் தொடங்கித் தடுமாறிக் காட்டுங்கள். அவன் உதவிக்கு வருவான்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் பள்ளி நாடகங்களுக்கு ஒளியும் ஒலியும் நான்தான் அமைக்கிறேன். நடித்தவர்களுக்குக் கேடயம் தந்தார்கள்; என் பெயர் நிகழ்ச்சி நிரலில்கூட இல்லை. இதைக் கேட்பது தற்பெருமையா? – பதினொன்றாம் வகுப்பு மாணவி

பதில்: தற்பெருமை சிறிதும் இல்லை, மகளே. நாடகத்தை இயக்கும் ஆசிரியரிடம் நேரில் சென்று சொல். உன் பெயரோடு திரை இழுத்தவர், உடை தைத்தவர், வசனம் மறந்தவர்களுக்கு மறைவிலிருந்து எடுத்துக்கொடுத்தவர் ஆகியோரின் பெயர்களையும் எழுதிய ஒரு தாளைக் கையோடு எடுத்துச் சென்றால், அடுத்த நிரலை அச்சுக்கு அனுப்பும்போது அவருக்கும் வேலை எளிதாக இருக்கும்.